குங்குமம் பட்ட சிடியும் எஸ்தர் டீச்சரும்

எஸ்தர் டீச்சரிடம் படித்த நம் எல்லோருக்கும் ஏழுமலை எழுதுவது. என் எழுத்து கோட்டுக்கு மேலே ஏறும், கீழே இறங்கும், சில இடத்தில் பேனா அழுத்தித் தாள் கிழிந்தும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபது வயதுக்கு மேல் பேனா பிடித்த கை இது. இதை எழுதி முடிக்க ஆறு நாள் ஆயிற்று.

போன செவ்வாய்க்கிழமை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். எழுத்து தெரிந்த நாளிலிருந்து சுவரில் இருக்கும் எதையும் நான் விடுவதில்லை. பஸ் பலகை, மருந்துக்கடை போர்டு, தேர்தல் விளம்பரம், எல்லாவற்றையும் படிப்பேன். அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அன்று புதிதாக ஒட்டிய ஒரு நோட்டீஸ் இருந்தது. படமும் போட்டிருந்தது. ஆனால் டீச்சர் எனக்குச் சொன்னது, "படத்தைப் பார்த்துச் சொல்லாத நைனா, எழுத்தைப் பார்த்துச் சொல்லு" என்பது. அதனால் எழுத்தைத்தான் முதலில் பார்த்தேன். 'கண்ணீர் அஞ்சலி' பழகிய சொல், உடனே வந்துவிட்டது. கீழே எ, ஸ், த, ர் என்று விரல் வைத்துக் கூட்டினேன். கூட்டி முடித்த பிறகுதான் படத்தைப் பார்த்தேன்.

பக்கத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். "ஞாயித்துக்கிழமை நெஞ்சு வலின்னாங்க பெர்சு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள உசுரு போய்ட்சி. நேத்து அடக்கம் பண்ணிட்டாங்க. உனுக்கு யாரும் சொல்லலியா?" என்றார்.

நான் நான்கு நாளாக ஐயங்கார்குளத்தில் மகள் வீட்டில் இருந்தேன். என்னிடம் போன் கிடையாது. படிக்கச் சொல்லிக்கொடுத்தவர் செத்துப்போனதை நானே படித்துத் தெரிந்துகொண்டேன். முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

டீச்சருக்கு ஐம்பது வயது கூட ஆகவில்லை. என் மகளை விட இரண்டு மூன்று வயது பெரியவராக இருப்பார். தினமும் மத்தியானம் வண்டியில் நம் ஊருக்கு வந்து, நூலகக் கட்டிடத்தின் பின் அறையில் நமக்கு வகுப்பு எடுத்தார். அறையில் ஒரு கரும்பலகை, எந்தப் பள்ளியிலோ வேண்டாம் என்று கழித்துப்போட்ட ஒரு கம்ப்யூட்டர். பாடமெல்லாம் சிடியில் இருந்தது. சிடியைப் போட்டால் 'அ' பெரிதாக வரும், ஒரு பெண் குரல் அதைச் சொல்லும், நாம் திருப்பிச் சொல்வோம்.

என்னிடமும் ஒரு சிடி இருந்தது. மகள் கல்யாணத்தில் எடுத்தது. என் மனைவி காசியம்மா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவள் நடப்பதும் பேசுவதும் அந்த ஒரு சிடியில்தான் இருக்கிறது. அதைப் போட்டுப் பார்க்க இப்போது எந்த வீட்டிலும் பெட்டி இல்லை. பேரன் லேப்டாப்பில் சிடி வைக்கும் இடமே கிடையாது. சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் டீச்சர் பத்து நிமிஷம் அதைப் போட்டுவிட்டு வெளியே போய் நிற்பார். நான் பார்த்து முடிக்கும் வரை உள்ளே வரமாட்டார்.

ஆயுத பூஜை வந்தது. டீச்சர் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர்தான். ஆனாலும் "உங்க வழக்கம் இன்னாவோ அதைச் செய்யுங்க, எனக்கு மட்டும் பொரி வெச்சிடுங்க" என்றார். அறையைத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். கரும்பலகைக்கும் கம்ப்யூட்டர் பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். எல்லோரும் போன பிறகு பூட்டுவதற்காக நான் மட்டும் இருந்தேன். வீட்டில் காசியம்மா படத்துக்குப் பொட்டு வைத்துவிட்டு வந்திருந்தேன். இந்த சிடியில் இருப்பவளும் அவள்தானே என்று தோன்றியது. மினுமினுக்கிற பக்கத்தில் என் முகம் தெரிந்தது. அவள் முகமும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும் என்று சந்தனம் தொட்டு வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தேன். வைத்துவிட்டு, டீச்சர் செய்வதைப் பார்த்துப் பழகிய மாதிரி பெட்டிக்குள் தள்ளினேன்.

கிர்ரென்று சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. ஒன்றும் வரவில்லை. வெளியே எடுத்தால் பொட்டு பாதி இல்லை. வேட்டி முனையால் வட்டமாக அழுத்தித் துடைத்தேன். மடியில் மறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாளிலிருந்து அந்தப் பெட்டி எந்த சிடியையும் படிக்கவில்லை. உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும், 'ப' வரிசையில் நின்றுபோனோம். டீச்சர் முதலில் வேறு பாட சிடியைப் போட்டார். வரவில்லை. கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி போட்டார். வரவில்லை. தன் ஊரிலிருந்து ஒரு புது பாட சிடியைக் கொண்டுவந்து போட்டார். அதுவும் வரவில்லை. திரையில், சிடி சுற்றும் டிரைவின் பெயர் தெரிகிறதா என்று பார்த்தார், தெரிந்தது. அப்படியும் பெட்டியைத் திறந்து ஒயரைக் கழற்றி மாட்டினார்.

"எல்லாத்தையும் ஒண்ணா மாத்திட வேண்டியதுதானே டீச்சர்?" என்று மங்கம்மா கேட்டாள்.

"ஒரு தபாக்கு ஒண்ணைத்தான் மாத்தணும் மங்கம்மா. எல்லாத்தையும் கலைச்சிட்டா எதால கெட்டுச்சின்னு கடைசி வரிக்கும் தெரியாது."

"அதெல்லாம் இல்ல. கண்ணு பட்டுக்கீது. மொளகா சுத்திப் போடு."

"உன் கண்ணுதான் பட்டிருக்கும். டெய்லி அதையே மொறைச்சிக்கினு உக்காந்திருந்தா அது இன்னா பண்ணும், பாவம்!"

எல்லோரும் சிரித்தீர்கள். நான் நோட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஒரு வாரத்துக்கு மேல் அப்படியே போயிற்று. கரும்பலகையில் எழுதியே மீதி எழுத்தை எல்லாம் சொல்லிக்கொடுத்தார். சனிக்கிழமை என்னைப் பார்த்து, "நைனா, தப்பு என்னுதுதான் போல கீது. ரூமைக் கழுவும்போது பொட்டியை மூடி வெக்காம வுட்டுட்டேன். உன் காசியம்மாவையும் உன்னால பார்க்க முடியல" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

வாய்விட்டுச் சொல்ல என்னால் முடியவில்லை. அன்று இரவு நோட்டை எடுத்து எழுதினேன். அதுவரை நான் கரும்பலகையைப் பார்த்துத்தான் எழுதியிருந்தேன். என் மனசிலிருந்து முதல் முதலாக எழுதிய வரி அதுதான். 'சிடிக்கு பொட்டு நான் வைத்தேன். டீச்சர் மேல தப்பு இல்லை.'

திங்கட்கிழமை நோட்டை நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். திட்டுவார் என்று நின்றேன். "நீயே எழுதினியா? யாரும் சொல்லிக் குடுக்கலியா?" என்றார். தலையை ஆட்டினேன். உங்கள் எல்லோரையும் கூப்பிட்டு, "நைனா சொந்தமா எழுதிகீறாரு, பாருங்க!" என்று நோட்டைத் தூக்கிக் காட்டினார். ஆனால் ஒருவருக்கும் படிக்கக் கொடுக்கவில்லை. அதில் என்ன எழுதியிருந்தது என்று உங்களுக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு கரண்டை நிறுத்தி, டிரைவை வெளியே எடுத்து, நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினார். உள்ளே உளுந்து அளவுக்கு ஒரு கண்ணாடி இருந்தது. அதன் மேல் சிவப்பாகத் தூள். "இது வழியாதான் அது படிக்குது. சுத்தின வேகத்துல குங்குமம் பறந்து இதும்மேல உக்காந்துகிச்சி" என்றார். பஞ்சில் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டு, குழந்தையின் கண்ணைத் துடைப்பதைப் போலத் துடைத்தார். காயும் வரை காத்திருந்து மூடினார். பாட சிடியைப் போட்டார். 'ப' வந்தது.

பிறகு என் சிடி. "சரியான பக்கமாத்தான் பார்த்து வெச்சிகீறே நைனா. ஆயி முகம் இந்தப் பக்கம்தான் கீது" என்றார். நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்தார். நான் வட்டமாகத் துடைத்ததில் கீறல் விழுந்திருந்தது. தாலி கட்டும் இடம் வரவே இல்லை. மேளம் பாதியில் அறுந்தது. டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் பந்தி வந்தது. காசியம்மா சாம்பார் வாளியோடு கேமராக்காரர் பக்கம் திரும்பி, "என்னை இன்னாத்துக்குப் புடிக்கிற? பொண்ணைப் போய்ப் புடிய்யா!" என்றாள். அந்த ஒரு வரி பிழைத்திருந்தது. டீச்சர் அங்கேயே அதைக் கம்ப்யூட்டரிலும் ஒரு பென்டிரைவிலும் பதிந்து வைத்தார். அன்று மட்டும் அவர் வெளியே போகவில்லை.

போன வெள்ளிக்கிழமை டீச்சரின் தம்பியைப் போய்ப் பார்த்தேன். அவர் அக்கா பேசியது போனிலாவது சிடியிலாவது இருக்கிறதா என்று கேட்டேன். "எங்க எல்லாரையும் அக்காதான் போன்ல படம் புடிக்கும் பெரியவரே. அது பேசி எதுலயும் இல்ல" என்றார்.

அதனால் டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த எழுத்தை மட்டும்தான். அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே, ஞாபகத்தில் இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும். நான் மெதுவாக எழுதுகிறவன், அதுதான் பயமாக இருக்கிறது. இதை வகுப்பில் மங்கம்மா படிக்கட்டும். நான் படித்தால் இரண்டு வரிக்கு மேல் போக மாட்டேன். மங்கம்மா முதல் தடவை கையெழுத்துப் போட்ட அன்று டீச்சர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. நாளைக்கே தொடங்கினால் அடுத்த வாரத்துக்குள் அதையும் எழுதிவிடுவேன்.