சத்தம் கேட்டு ஓடியவர்கள்

இன்று காலை இரண்டாம் பிரிவேளையில் 'டம்' என்று ஒரு சத்தம். நான் கரும்பலகையிலிருந்து திரும்புவதற்குள் மாணவர்கள் முப்பது பேரும் பெஞ்சுக்கு அடியில் இருந்தார்கள். ஒருத்தி விளக்கை அணைத்தாள். நான் தாழ்ப்பாளைப் போட்டேன். எங்கிருந்தோ ஒரு கத்தல் கேட்டதும் எல்லோரும் இன்னும் குறுகிக்கொண்டார்கள். வருடா வருடம் ஜூன் மாதம் இந்தப் பயிற்சியைக் கொடுப்பவன் நான்தான் என்பதால், கதவோரச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்த எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நம் சொல்லை ஒரு வகுப்பு முழுக்கக் கேட்பது வாத்தியார் பிழைப்பில் அடிக்கடி நடப்பதில்லை, பாருங்கள்.

மூக்குக்கு நேரே தாழ்ப்பாள், அதில் கிரீஸ் வாசனை. நான் இந்த ஜவ்வாது மலைக் கல்லூரிக்கு வேதியியல் நடத்த வந்த புதிதில் எந்த வகுப்புக்கும் உள்தாழ்ப்பாள் கிடையாது. காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமலிருக்கக் கல் வைத்திருந்தோம். வாணியம்பாடியில் இருந்த என் அம்மாவுக்கு நான் மலையேறுவதில் இஷ்டமே இல்லை. "கீழயே எதுனா தோல் கம்பெனி லேப்ல வேல கெடைக்காதா? அங்க போய் இன்னா கிழிக்கப் போற?" என்றாள். முதல் வாரம் நான் கிழித்ததெல்லாம் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்ததுதான். பஸ்ஸில் பின்சீட்டிலிருந்து ஒரு பெண் எலுமிச்சம்பழம் நீட்டினாள். "இத மோந்துகினே வாங்க பாய் சார்." மறுநாள் அவள் என் வகுப்பிலேயே இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பச்சையம்மாள். அன்றிலிருந்து கல்லூரி முழுக்க நான் பாய் சார்தான்.

மலையில் வெடிச்சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குச் சொன்னதும் அவள்தான். சாமைக் கொல்லையில் இறங்கும் காட்டுப்பன்றியை யாராவது நாட்டுத் துப்பாக்கியால் சுட்டால், சத்தம் கேட்டு வந்து சேர்கிற எல்லோருக்கும் பங்கு உண்டு. சுட்டவன் உறவா பகையா என்று யாரும் பார்ப்பதில்லை. சட்டப்படி தப்புதான், அது அவர்களுக்கும் தெரியும். எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் கடை ஷட்டரை இறக்குவோம். இங்கே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சத்தம் வந்த திசைக்கு ஓடுவார்கள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அந்த வருடமே ஒரு நாள், மதியச் சாப்பாடு முடிந்து பத்து நிமிடம் இருக்கும். மைதானத்துக்கு அந்தப் பக்கம், நூலகம் இருந்த திசையில் சத்தம் கேட்டது. மலைப் பிள்ளைகள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பச்சையம்மாள் ஜன்னலில் கழுவிக் கவிழ்த்திருந்த டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டாள்.

"பன்னி சார். போய்ட்டு வர்றேன்."

"போய்ட்டு வா. எனக்குப் பங்கு வேணாம்" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் என் நகைச்சுவையை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அவளை ஓட்டத்தில் யாரும் முந்த முடியாது. கதவுக் கல்லைத் தாண்டிக் குதித்துப் போனாள்.

ஒரு நிமிடத்துக்குமேல் கழித்து இன்னொரு சத்தம். வகுப்பில் மிச்சமிருந்தவர்கள் நானும் மலையடிவாரத்து ஒடுகத்தூர், படவேடு பக்கத்துப் பிள்ளைகளும்தான். "ரெண்டு பன்னி போல சார்" என்றான் ஒருவன்.

சுட்டவன் எங்கள் பழைய மாணவன். வருகைப்பதிவு குறைவு என்று அவனைத் தேர்வு எழுத விடவில்லை. மாமனுடைய துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி எடுத்து வந்திருக்கிறான். வருகைப் பதிவேட்டைத் துணிப்பையில் வைத்து வீட்டுக்குக்கூட எடுத்துப் போகும் எங்கள் துறைத் தலைவர் நூலக வராந்தாவில் வந்தார். வயிற்றில் சுட்டான். அந்தத் துப்பாக்கியில் ஒரு தடவை நிரப்பினால் ஒரு வெடிதான். மருந்து, தேங்காய் நார், ஈய ரவை எல்லாவற்றையும் கம்பியால் இடித்து மறுபடி நிரப்ப வேண்டும். அவன் நிரப்பி முடித்தபோது பச்சையம்மாள் வராந்தாப் படியேறினாள். நாலடி தூரம். அவளைச் சுட்டுவிட்டு அவன் மூன்றாவது தடவைக்கு மருந்து கொட்டிக்கொண்டிருக்கையில், பின்னால் ஓடிவந்த பையன்கள் மேலே விழுந்தார்கள். துப்பாக்கிக் கட்டையாலேயே அவன் விரல்களை ஒவ்வொன்றாக நசுக்கினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோதும் அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். தடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்னும் அடிக்கட்டும் என்றுதான் இருந்தது.

தீபாவளி மறுநாள் தெருவில் வருமே, அந்த வாசனை. அதோடு ரத்தம். துறைத் தலைவர் பையை மார்போடு அணைத்தபடி, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டு, மலை இறங்கும் வழியில் இறந்தார். பச்சையம்மாளுக்குக் கேட்கவும் நேரமில்லை. கழுத்தும் தாடையும் இருந்த இடத்தை நான் என் சட்டையால் மூடினேன். டிபன் பாக்ஸை அவள் விடவில்லை. அதன் மூடியில் ஏழெட்டு ஓட்டைகள்.

அப்புறம் ஒரு மாதம் கல்லூரி மூடிக் கிடந்தது. வராந்தாவில் ஆசிட் ஊற்றியும் கறை போகாமல் தளத்தைப் பெயர்த்து வேறு டைல்ஸ் பதித்தார்கள். இன்றும் பிள்ளைகள் அந்த நாலு சதுரத்தைத் தாண்டித்தான் கால் வைக்கிறார்கள். போலீஸ் ஊர் ஊராகப் போய் நாட்டுத் துப்பாக்கிகளைப் பிடுங்கிக்கொண்டு போனது. அந்த வருடச் சாமையைப் பன்றிகள் தின்றன. மனநல ஆலோசகர் ஒருவர் வந்து, "உங்களுக்கு எப்படி இருக்கு, மனசு விட்டுப் பேசுங்க" என்றார். பையன்கள் அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தார்கள்.

விசாரணைக் குழு டிபன் பாக்ஸை மேஜைமேல் வைத்துக்கொண்டு, துப்பாக்கிச் சத்தம் கேட்டபின் இந்தப் பெண் ஏன் காலி டப்பாவோடு அங்கே போனாள் என்று திரும்பத் திரும்பக் கேட்டது. யார் வெளியே விட்டது என்றும் கேட்டது. "பாய் சார் போவாதீங்கன்னுதான் சொன்னாரு. நாங்கதான் கேக்கல" என்றார்கள் என் மாணவர்கள், ஒருவர் பாக்கியில்லாமல். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. 'மாணவர்களின் ஒழுங்கீனத்தால் கூடுதல் உயிரிழப்பு' என்று அறிக்கையில் வந்தது. என் வேலை தப்பியது.

பெண் பிள்ளைகள் திரும்பி வரவில்லை. கல்லூரி முதல்வர் அம்மாவும் நானும் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டோம். பச்சையம்மாள் வீட்டு வாசலில் அவள் அப்பா புளி உடைத்துக்கொண்டிருந்தார். அங்கே எனக்கு அடக்க முடியவில்லை.

"நான்தாங்க போகச் சொன்னேன்" என்றேன்.

அவர் கை நிற்கவில்லை. "நீங்க சொல்லலன்னாலும் ஓடியிருப்பா. அவ பின்னால பசங்க ஓடலன்னா அவன் மூணாவது மருந்தையும் போட்டிருப்பான். அத எழுதுனாங்களா?"

"எழுதலீங்க."

"நீங்க சொன்னீங்களா?"

நான் குனிந்து, காலடிக்கு உருண்டு வந்த புளியங்கொட்டைகளைப் பொறுக்கினேன். பிறகு அவரே முதல்வர் அம்மாவைப் பார்த்து, "கதவுக்குத் தாப்பா போடுங்க. சின்னவள அனுப்புறேன்" என்றார்.

தாழ்ப்பாள்கள் வந்தன. சின்னவள் வந்தாள், மற்றவர்களும் வந்தார்கள். சத்தம் கேட்டால் கதவைப் பூட்டு, விளக்கை அணை, எக்காரணம் கொண்டும் வெளியே போகாதே என்று சொல்லித்தர ஆள் தேடியபோது நானே முன்வந்தேன். பரிகாரம் என்று நினைத்தேன் போல. நன்றாகவே சொல்லித்தந்திருக்கிறேன்.

இன்று காலை விஷயத்துக்கு வருகிறேன். அபாயம் நீங்கியது என்று மணி அடிக்க இருபது நிமிடம் ஆனது. வெளியே வந்தோம். வெடித்தது விடுதி சமையற்கட்டின் பெரிய குக்கர். உதவிக்கு இருந்தவள் ஜமுனாமரத்தூருக்குக் காய் வாங்கப் போயிருக்கிறாள். சமையல் செய்யும் முனியம்மா அக்கா குழாயடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். தோள் முதல் மணிக்கட்டு வரை தோல் வழன்று தொங்கியது. சோற்றுப் பருக்கைகள் கழுத்தில் ஒட்டியிருந்தன.

"கத்துனேனே சார், கேக்கலியா?"

"கேட்டுதுக்கா."

"இத்தினி பேரு இருந்தும் ஒருத்தரும் ஓடியார்லியே" என்றார், கோபமில்லாமல்.

அவரை ஜீப்பில் ஏற்றிவிட்டு வகுப்புக்குத் திரும்பி, கரும்பலகையில் விட்ட சமன்பாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த இருபது நிமிடத்தில் முப்பது பேரில் ஒருவர்கூட 'போய்ட்டு வர்றேன் சார்' என்று எழுந்திருக்கவில்லை. எழுந்திருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன்.