கழுவெளியில் யானை வெடி

ஐம்பத்தெட்டு வயதுக்குள் திண்டிவனம் நெடுஞ்சாலையில் நான் பார்த்த லாரிகளை வரிசையாக நிறுத்தினால் நிலாவைத் தொட்டுவிட்டுத் திரும்பலாம். பறவை என்று பார்த்தது காக்கையும் கறிக்கோழியும்தான். “ஊரே போய்ப் பூநாரை பாத்துட்டு வருது, நாம லாரி எண்ணிக்கினு கெடக்கிறோம்” என்று வீட்டம்மா குத்திக்காட்டியதில், மார்கழிக் கடைசி ஞாயிறன்று கிளம்பினோம்.

மரக்காணத்திலிருந்து கழுவெளி ஏரிக்கு அரைநாள் சுற்றுலா. தலைக்குத் தொள்ளாயிரம் ரூபாய், நாலு இட்லி உட்பட. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர். ஐந்தே காலுக்குப் பேருந்து ஏறி, ஆறரைக்கு வேனில் உட்கார்ந்துவிட்டோம். எங்களையும் சேர்த்து ஒன்பது பேர்.

ஏழு மணிக்குக் கரையில் நின்றபோது என் வாய் மூட ஒரு யுகம் ஆனது. கூழைக்கடாக்கள் கல்யாணப் பந்தியில் இடம்பிடித்தவர்கள் போல உட்கார்ந்திருந்தன. நாமக்கோழிகளோ, தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலைவிட அதிகம்.

வழிகாட்டித் தம்பி பையிலிருந்து யானை வெடியை எடுத்தார். தீபாவளிக்கு மிஞ்சியதாம். “பறக்கிற போட்டோ வோணுமா சார்? ரெடியா இருங்க.”

கொளுத்திப் போட்டார். வானம் கறுத்தது. நாங்கள் கைதட்டினோம். வெட்கத்தோடு எழுதுகிறேன், “இன்னொரு தபா போடுப்பா” என்று கேட்டவன் அடியேன்தான்.

இரண்டாவது வெடிக்குப் பிறகு வரப்பில் ஒரு பெண் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே ஓடிவந்தார். மூச்சு வாங்கியது.

“ஏங்க, ஒரு ஏக்கரு, குத்தகைக்கு ஓட்டறேன். நெல்லு பால் புடிக்கிற நேரம். தண்ணியில கெடக்கிறத கெளப்பி உட்டா அதுங்க எங்க போவும்? எங்கழனியிலதான் வந்து வுழுது. ஒரு வாரமா டப்பா தட்டிக்கினு இங்கயே குந்தியிருக்கேன்.”

போய்ப் பார்த்தோம். ஏரியோரமாக மூன்று பாத்தி நெல் சாய்ந்து, பாய் விரித்த மாதிரி கிடந்தது. நாமக்கோழிகள் நிதானமாகக் கதிரை உருவிக்கொண்டிருந்தன.

எனக்கு வந்த கோபத்தில் கழுவெளி கொதித்து ஆவியாகியிருக்க வேண்டும். “பறவைய காட்டறதுக்குக் கூட்டியாந்தியா, தொரத்தறதுக்கா?” என்றேன்.

“அண்ணே, ஒன்பதரைக்கு அடுத்த வண்டி வருது. பறக்கிறத காட்டலன்னா ஆபீஸ்ல பேஜாரு. நீங்களே ரெண்டு தபா கேட்டீங்க.”

“ஒரு தபாதான்” என்றேன். வாதம் எடுபடவில்லை.

வீட்டம்மா வழிகாட்டித் தம்பியின் பையை வாங்கி, மிச்ச வெடிகளின் மேல் எங்கள் பிளாஸ்க் காப்பி முழுவதையும் ஊற்றினார். பிறகு தட்டுவதற்கு ஏதாவது கொடுக்கச் சொல்லி அந்தப் பெண்ணிடம் கை நீட்டினார். ஒன்பது பேரும் இட்லித் தட்டோடு வரப்பில் இறங்கினோம். முக்கால் மணி நேரம் தட்டி, பறவைகளை ஏரிக்கே அனுப்பினோம். “நாளைக்கும் வருவீங்களா?” என்று கேட்டுவிட்டு அந்தப் பெண் சாய்ந்த பயிரை நிமிர்த்தப் போனார்.

போகிறவர்களுக்கு: ஏழு மணிக்குள் கரையில் இருங்கள். தொப்பி, தண்ணீர், பைனாகுலர் போதும். முன்பதிவு செய்யும்போதே வெடி உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால் வேறு ஆளைப் பாருங்கள். பறவை உட்கார்ந்திருந்தால் அதுவும் காட்சிதான்.

படம் எங்கே என்று கேட்பீர்கள். நாற்பத்தொன்று எடுத்தேன். எல்லாவற்றிலும் பறவைகள் அந்தப் பெண்ணின் கழனிப் பக்கமாகவே பறக்கின்றன. ஒன்றையும் இங்கே போடவில்லை.