சம்பந்தியின் மேல்செட்

பல்செட் கட்டுகிறவருக்குக் கைகள் இரண்டும் எப்போதும் வேலையில் இருக்கும். காதுகள் சும்மா இருக்கும். சும்மா இருக்கிற காது வேண்டாத வம்பையெல்லாம் இழுத்துவரும் என்பது அவர் கட்சி. இத்தனை காலம் அந்தக் காதுகளுக்கு ஒரு ரேடியோ காவல் இருந்தது. அது உயிரை விட்ட பிறகு, அந்த மாடியறையில் மெழுகைச் சுரண்டும் கத்தியைத் தவிர வேறு சத்தமில்லை.

பார்க்க வந்த மகள் செல்போனில் ஓர் இணையதளத்தைத் திறந்து கொடுத்தாள். எழுதியவரும் போய், பதிப்புரிமையும் போய்விட்ட பழைய புத்தகங்களை யார் யாரோ தங்கள் வீட்டில் உட்கார்ந்து உரக்கப் படித்து அதில் ஏற்றி வைத்திருந்தார்கள்.

"காசு?"

"கிடையாதுப்பா. படிக்கிறவங்களுக்கும் கிடையாது, கேக்கிறவங்களுக்கும் கிடையாது."

"அப்ப வெளங்கினாப்பலதான்."

ஓசியில் வருவது எதுவும் உருப்படாது என்று நம்பியவர் அவர். ஓசியில் கொடுத்தால் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் நம்பினார். இரண்டு நம்பிக்கைகளும் ஒரே மண்டைக்குள் சண்டையில்லாமல் குடியிருந்தன.

இரண்டாவது நம்பிக்கை சம்பந்தியால் வந்தது. மகள் கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மேல்வரிசை முழுவதையும் காசு வாங்காமல் கட்டிக்கொடுத்தார். சம்பந்தி ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா. எந்தக் காகிதம் வந்தாலும் ஓரத்தில் ஒரு குறை எழுதாமல் அனுப்பியதில்லை. பல்லையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார். கல்யாண விருந்தில், எல்லாரும் கேட்கும்படி, "சம்பந்தி கட்டின பல்லு. பாக்க நல்லாத்தான் இருக்கு. பேசினாத்தான் சீட்டி அடிக்குது," என்றார். பந்தியே சிரித்தது.

"ஓசியில வாங்கினதுக்குக் குறை சொல்லக் கூடாது, சம்பந்தி," என்றார் இவர்.

சிரிப்பு நின்றது. பேச்சுவார்த்தையும் அன்றோடு நின்றது. அதன் பிறகு வருடக்கணக்காக இரண்டு வீட்டுக்கும் நடுவே மகள்தான் தபால்.

அவர் கேட்கத் தொடங்கியது ஒரு கொழுத்த பழைய நாவல். காணாமல்போன உயில், பணக்கார விதவை, அவளுக்கு மருந்தில் விஷம் கலக்கும் டாக்டர். அத்தியாயங்களைப் பலர் பங்கு போட்டுப் படித்திருந்தார்கள். முதல் அம்மாளின் குரலுக்குப் பின்னால் ஒரு மின்விசிறி கிறீச்சிட்டது. அடுத்தவர் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் போலப் படித்தார். டாக்டர் உள்ளே நுழையும் அத்தியாயத்தில் குரல் மாறியது. "வாசிப்பவர்..." என்று அது தொடங்கியதும் நடுவில் சன்னமாக ஒரு சீட்டி கிளம்பியது.

மெழுகுக் கத்தி நின்றது. பெற்றவனுக்குப் பிள்ளையைத் தெரியாதா?

சீட்டியின் காரணமும் அவருக்குத் தெரியும். கல்யாண போட்டோவில் வாய் அடக்கமாகத் தெரிய வேண்டும் என்று சம்பந்தி கேட்டார். இவரும் வரிசையைக் குறுக்கி அடுக்கினார். நாக்குக்கு இடமில்லாமல் காற்று கத்திக்கொண்டு வெளியே வந்தது. விருந்தன்றே தெரிந்த விஷயம். தெரிந்ததை ஒப்புக்கொள்வது வேறு தொழில். அதை அவர் கற்கவில்லை.

ஆனால் அன்று கேட்டது ஒரு பந்தி. சாப்பிட்டார்கள், மறந்தார்கள். இப்போதோ உலகத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், பிரதி எடுக்கலாம், ஊரெல்லாம் கொடுக்கலாம். அந்தப் பதிவுக்கும் உரிமை கிடையாதாம். ஆயுள் முழுவதும் கட்டிய நல்ல செட்டுகளெல்லாம் யார் யார் வாயிலோ பேசாமல் மென்றுகொண்டிருக்க, கோளாறான ஒன்று மட்டும் அவர் கைவேலைக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

நிறுத்தியிருக்கலாம். உயில் எங்கே என்று தெரியவில்லையே. பல்லைக் கடித்துக்கொண்டு, பதிவேறியிருந்த அத்தியாயங்கள் முடியும்வரை கேட்டார். பிறகு 'ஒரு நேயர்' என்ற பெயரில் கீழே எழுதினார்: "படிப்பவர் சீட்டி அடிக்கிறார். ஆளை மாற்றவும்."

மறுநாள் பதில் வந்தது. "நேயருக்கு வணக்கம். சீட்டி என்னுடையதல்ல, என் பல்செட்டினுடையது. கட்டிக்கொடுத்தவர் எங்கள் சம்பந்தி. ஓசியில் வாங்கினதுக்குக் குறை சொல்லக் கூடாது என்று அவரே எனக்குப் புத்தி சொல்லியிருக்கிறார். அதையே தங்களுக்கும் சொல்லிக்கொள்கிறேன்."

அதற்குக் கீழே, முன்பின் தெரியாதவர்கள் வரிசையாகச் சிரித்திருந்தார்கள்.

அவர் மகளைக் கூப்பிட்டார். "உன் மாமனார் அதுல படிக்கிறாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்பா."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"

"இன்னும் எத்தனை அத்தியாயத்தைக் கெடுக்கப் போறாரு?"

"கடைசி ஒண்ணுதான் பாக்கி."

"படிக்கறதுக்கு முன்னாடி கூட்டிட்டு வா. புது செட் கட்டித் தர்றேன்."

"சமாதானமாப்பா?"

"அந்த ஆளோட என்ன சமாதானம்? என் பல்லுக்காக."

சம்பந்தி வந்தார். 'உட்காருங்க' என்பதற்கு மேல் உபசாரம் இல்லை. அளவெடுக்கும் பசையைப் பல்வரிசை போல வளைந்த சிறு தட்டில் நிரப்பி, அவர் வாய்க்குள் ஏற்றி அழுத்தியபடி, "ஆடக் கூடாது. பேசக் கூடாது. இறுகணும்," என்றார் பல்செட்காரர்.

பிறகு பேச ஆரம்பித்தார். விருந்தில் தொடங்கினார், போட்டோ, குறுகின வாய், நன்றி கெட்ட நாக்கு, பந்தியில் சிரித்த ஒவ்வொருவரின் சொத்தைப் பல் என்று ஒன்றையும் விடவில்லை. பசை எப்போதோ இறுகிவிட்டது. சம்பந்தி கையை ஆட்டினார், காலை ஆட்டினார். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடைசியில் தட்டு வெளியே வந்தது. சம்பந்தி கொப்பளித்துத் துப்பினார்.

"முடிஞ்சுதா, சம்பந்தி?"

"முடிஞ்சுது."

"பசை நல்லா இல்லை. கசக்குது."

புது செட் சொன்னபடி உட்கார்ந்தது. பழையதைப் பல்செட்காரர் திருப்பித் தரவில்லை. தண்ணீர்க் கிளாஸில் போட்டு மேசையிலேயே வைத்துக்கொண்டார். குற்றத்தின் தடயத்தை எதிரி வீட்டுக்கு யார் கொடுத்தனுப்புவார்கள்?

கடைசி அத்தியாயம் ஏறியது. ஒரு சீட்டி இல்லை. டாக்டர் பிடிபட்டார், உயில் கிடைத்தது. எங்கே கிடைத்தது என்பது மட்டும் அவர் மனதில் ஏறவில்லை, அவர் பல்லைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை கேட்டபோதும் அப்படியே. நிம்மதியாகக் கீழே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தார்.

"கடைசியில் வேறு யாரோ படித்துக் கெடுத்துவிட்டார். அந்த டாக்டருக்குச் சீட்டிதான் உயிர்," என்றது ஒன்று. "சீட்டிக்காரரையே திரும்பக் கூப்பிடுங்கள்," என்றது அடுத்தது. கீழே இன்னும் பலர் அதையே கேட்டிருந்தார்கள்.

அப்போது செல்போன் அடித்தது. மகள் இல்லை, சம்பந்தியே.

"பாத்தீங்களா, சம்பந்தி?"

"பாத்தேன்."

"அடுத்த புத்தகத்துலயும் ஒரு கெட்டவன் இருக்கான். என்னையே படிக்கச் சொல்றாங்க. பழைய செட் உங்ககிட்டதானே இருக்கு? கொடுத்தனுப்புங்க. உங்க கைவேலையை எத்தனை பேர் பாராட்டறாங்க பாருங்க."

சம்பந்தி வாயிலிருந்து அவருக்கு வந்த முதல் பாராட்டு அது. பல்செட்காரர் கிளாஸைப் பார்த்தார்.

"அது உடைஞ்சுபோச்சு."

"எப்ப?"

"கழுவும்போது."

"உங்க கையிலயா? சரி, ஒட்டிக் குடுங்க."

"ஒட்ட முடியாது."

அவர் பொய் பேசிப் பழகாதவர். செல்போனை வைத்ததும் செட்டைத் தண்ணீரிலிருந்து எடுத்து, துண்டால் ஈரம் போகத் துடைத்து, சுத்தியலால் ஒரு போடு போட்டார். அது சுத்தமாக இரண்டாகப் பிளந்தது. இரண்டு துண்டை ஒட்டுவது அவருக்குப் பெரிய வேலையில்லை. அதனால் மறுபடியும் சுத்தியலை ஓங்கினார்.