முப்பது ஆம்பியரும் பிரமிளாவும்

டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து மோந்து பார்க்கிறாள் பிரமிளா. எந்த வண்டி வந்தாலும் முதல் பரிசோதனை இதுதான். ஒயர் சூடேறியிருந்தால் வாசனையே சொல்லிவிடுமாம். டெஸ்டர் எல்லாம் அப்புறம். வண்டிக்காரர்கள் சிரித்தால், "நீ சிரிச்சிக்கினே இரு, நான் மோந்துக்கினே இருக்கறேன்" என்பாள்.

நகரியிலிருந்து புத்தூர் போகும் சாலையில், விசைத்தறிக் கொட்டகைகளுக்கு நடுவே இருக்கிறது அவளுடைய ஆட்டோ எலெக்ட்ரிகல் கடை. வயது நாற்பத்து நான்கு. புடவைக்கு மேல் கணவனின் பழைய காக்கிச் சட்டை. கணவன் சந்திரசேகர் ஸ்ரீசிட்டிக்கு ஷிப்ட் வேலைக்குப் போய் ஆறு வருடமாகிறது; அன்றிலிருந்து கடை இவள் கையில்தான். ஆனாலும் புதிதாக வருகிற ஆள் கடைக்குள் எட்டிப் பார்த்து, "மெக்கானிக் இல்லையா?" என்று கேட்காமல் இருக்க மாட்டான். "எதுர்ல நிக்கிறது இன்னா, பொம்மையா?" என்று இவளும் கேட்காமல் விடமாட்டாள்.

இப்போது கடையில் நிற்பது எழுபத்திரண்டாம் வருடத்து அம்பாசிடர். திருப்பதி சுதீருடையது. பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கத்தில் அவர்தான் பெரிய கை. இந்த வண்டி நன்றாக அமைந்தால் சங்கத்தின் எட்டு வண்டிகளும் இங்கேதான் வரும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நாகலாபுரம் வரை ஊர்வலம். ஏசி வைப்பதற்காகப் பழைய டைனமோவைக் கழற்றிவிட்டுப் பெரிய ஆல்டர்னேட்டர் போட்டாயிற்று. சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க ஒரு மீட்டர் வேண்டும். அங்கேதான் வந்தது வம்பு.

சுதீர் சென்னை புதுப்பேட்டையில் தேடிப் பிடித்து ஓர் ஆம்ப் மீட்டர் கொண்டுவந்தார். வண்டியின் வயதுக்கேற்ற கறுப்பு முகம், வெள்ளை முள். அழகுதான். பிரமிளா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தாள்.

"வத்து சார், வேணாம். ஆம்ப் மீட்டர்னா மொத்த கரண்ட்டும் இது வயித்துக்குள்ள பூந்துதான் போவணும். இது தாங்கறது முப்பது ஆம்ப். உங்க ஆல்டர்னேட்டர் அறுபது தள்ளும். பத்திக்கும். வோல்ட் மீட்டர் ஓரமா நின்னு பாக்கற ஆளு, அதுக்கு ஒண்ணும் ஆவாது. வண்டி ஓடசொல்ல பதினாலு வோல்ட்டு காட்டுச்சின்னா சார்ஜ் ஏறுது. பன்னண்டுக்குக் கீழ வந்தா பேட்டரிய துன்னுக்கினு ஓடுது. அவ்ளோதான்."

"வோல்ட் மீட்டர் வெச்சா லாரி மாதிரி இருக்கும்மா. அதுக்கு பதிலா மீட்டரே இல்லாம, சார்ஜ் நின்னா எரியற சிவப்பு லைட்டோட உட்டுடலாம்" என்றார் சுதீர்.

"அந்த லைட்டு எழவு சொல்ல வர்ற ஆளு சார். எல்லாம் முடிஞ்ச பொறவுதான் வரும்."

சுதீர் சந்திரசேகரைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார். "எட்டு வண்டி பிரமிளா! கேக்கறத போட்டுக் குடுத்துடேன்" என்று கெஞ்சினான் அவன். அவளுக்கும் ஆசை இல்லாமலில்லை. எட்டு வண்டி என்றால் தீபாவளி வரைக்கும் வேலை. ஆனால் சொந்தப் புருஷனே இப்படிப் பேசுகிறானே என்ற ஆத்திரம் அதைவிடப் பெரிதாக வந்தது.

"நீ அங்க உன் வேலைய பாரு. இங்க மெக்கானிக்கு நான்" என்றாள்.

"அப்போ நானே மாட்டிக்கறேன்" என்று சட்டைக் கையை மடித்துவிட்டார் சுதீர். அவருக்கும் ஸ்பேனர் பிடிக்கத் தெரியும்.

"மாட்டிக்கோங்க. உங்க வண்டி." ஸ்பேனரை நீட்டினாள். கூடவே பானெட்டைத் திறந்து பேட்டரி ஒயரைக் கழற்றினாள். எவ்வளவு கோபமிருந்தாலும் ஒயர் ஷார்ட் ஆகி மனுஷன் கையைச் சுட்டுவிடக் கூடாதே.

அரைமணி நேரம் வியர்த்து வழிந்து, இரண்டு ஒயர்களையும் ஆம்ப் மீட்டரில் முறுக்கி முடித்து, ஜெயித்த முகத்தோடு எழுந்து வந்தார் சுதீர். பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்ப வேண்டியதுதான் பாக்கி.

பானெட்டுக்கு முன்னால் பிரமிளா நின்றிருந்தாள். பேட்டரி ஒயரின் முனை அவள் வலது முஷ்டிக்குள் இருந்தது. இடது கையில் இன்னும் பிரிக்காத வோல்ட் மீட்டர் டப்பா.

"பேரப்புள்ளைங்க பின்சீட்டுலதான சார் ஒக்காரும்?"

கேட்டுவிட்டு டப்பாவை அவர் முன்னே நீட்டினாள். முஷ்டியைத் திறக்கவில்லை.