ஆள் இருக்கிற வீடு

எங்கள் தெருவில் இப்போது குடியிருப்பது நான் ஒருத்திதான். சாலவாக்கத்திலிருந்து உள்ளே தள்ளி, மலையடியில் இருக்கிற சின்னத் தெரு. மலையின் ஓரத்தில் கல்குவாரி வந்ததிலிருந்து சுவர்கள் விரிசல் விட்டன, கிணறுகளில் மண் சரிந்தது. ஒவ்வொருவராகக் குவாரிக்காரரிடமே வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சென்னையிலிருக்கும் மகள் என்னையும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிடிவாதத்தைப் பிள்ளைகளிடமிருந்தே கற்றுக்கொண்டேன்.

ஆனால் பிடிவாதம் மட்டும் காரணமில்லை. குடியிருப்பிலிருந்து முந்நூறு மீட்டருக்குள் குவாரிக்கு அனுமதி கிடையாது என்று மாநில அரசின் விதி இருக்கிறது. மலையின் எங்கள் பக்கத்தையும் வெட்ட அவர்கள் மனு போட்டபோது குறுக்கே நின்றது என் வீடு. நான் கிளம்பிவிட்டால் அது வெறும் கட்டடம். மலை போகும், மலையிலிருந்து ஏரிக்கு வரும் ஓடையும் போகும். அந்த ஏரியை நம்பித்தான் கீழே நெல் போடுகிறார்கள். நிலமில்லாத காலனிப் பெண்களுக்கு அங்கேதான் நடவும் களையும்.

தனியாக இருப்பது பழகிவிடும் என்று சொல்கிறவர்கள் யாரும் தனியாக இருந்ததில்லை. ஒரு ஆளுக்கு வடிக்கிற சோற்றில் ருசியே இருக்காது. சில நாள் சாயங்காலம் மகளின் போனை எடுத்துப் பேசினால் குரல் கரகரக்கும். “சளியாம்மா?” என்பாள். சளியெல்லாம் இல்லை, காலையிலிருந்து வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

பேச்சுத்துணை என்றிருந்தது குவாரியின் கொடிக்காரர் ஒருவர்தான். வேட்டு வைக்கும் முன் சிவப்புக் கொடியோடு வந்து சுற்றியிருப்பவர்களை அப்புறப்படுத்துவது அவர் வேலை. முன்பெல்லாம் தெரு முழுக்க விசில் ஊதிக்கொண்டு வருவார். எல்லோரும் போன பிறகு எனக்காக மட்டும் வந்தார்.

“டீச்சரம்மா, வூட்ல கீறீங்களா? வேட்டு வெக்கப் போறாங்க, வெளிய வாங்க.”

இருவரும் ரோட்டு வளைவுவரை நடந்து புங்கமரத்தடியில் நிற்போம். அவருடைய முதலாளியை நான் திட்டுவேன், அவர் சிரித்துக்கொள்வார். தன் மூட்டுவலியைச் சொல்வார், நான் கைவைத்தியம் சொல்வேன். வெடித்து முடிந்ததும் அவரவர் வழி. அந்த வெடியைப்போல் வேறெதையும் நான் சபித்ததில்லை. இருந்தும் மதியமானால் காது விசிலைத் தேடும். இது என்ன வெட்கங்கெட்ட பிழைப்பு என்று என்னையே ஏசிக்கொள்வேன்.

மனுவை விசாரிக்க வி.ஏ.ஓ. வந்தார். கூடவே குவாரி மேனேஜர். என் வீட்டுக் கரண்ட் பில்லை எங்கிருந்தோ எடுத்து வந்திருந்தார்.

“பாருங்க சார், பில்லுல யூனிட்டெல்லாம் சைபர். வூடு பூட்டித்தான் கீது. இந்தம்மா பொண்ணு வூட்ல, மெட்ராஸ்ல கீறாங்க. விசாரணைன்னதும் வந்து குந்திக்கினாங்க.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சுத்தமான மின்சாரத்துக்கு மானியம் என்று அரசு சொன்னதை நம்பி மாடியில் சோலார் போட்டிருந்தேன். குவாரித் தூசியை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து அதைக் காப்பாற்றுகிறவளும் நான்தான். ஒருத்திக்கு என்ன செலவாகும்? நான் எடுப்பதைவிட வெயில் தருவது அதிகம், அதனால் பில்லில் யூனிட் சைபர். அரசு சொன்னபடி கேட்டதற்கு, அரசுக் கணக்கில் நான் காணாமல் போயிருந்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

இருவரையும் மாடிக்கு அழைத்துப் போய்க் காட்டினேன்.

“சரிங்கம்மா, ஆனா சோலார் ஆளில்லாட்டியும் ஓடுமே,” என்றார் வி.ஏ.ஓ. மரியாதையான பிள்ளை. “அக்கம்பக்கத்துல ரெண்டு பேரு, நீங்க இங்கதான் கீறீங்கன்னு சொல்லணும். அதான் வழக்கம்.”

“அக்கம்பக்கம் இருந்திருந்தா நீ எதுக்குப்பா வரப்போற?”

அவர் தெருவைப் பார்த்தார். கூரையில்லாத சுவர்கள், வாசல்களில் எருக்கஞ்செடி. பக்கத்து வீட்டிலிருந்து வாலாஜாபாத்துக்குப் போய்விட்டவளுக்குப் போன் போட்டேன். “அவங்க கையில துட்டு வாங்கிட்டு நான் எப்படிக்கா வந்து சொல்றது?” என்று வைத்துவிட்டாள். நான் இங்கே உயிரோடு இருக்கிறேன் என்று சொல்ல ஒரு மனுஷரைக் காட்ட முடியவில்லை.

அப்போதுதான் கீழே விசில் கேட்டது.

“டீச்சரம்மா, வூட்ல கீறீங்களா?”

நாங்கள் மாடியில் நின்றது அவருக்குத் தெரியாது. வி.ஏ.ஓ. கைப்பிடிச் சுவரில் குனிந்து, “தெனமும் வந்து கூப்பிடுவீங்களா?” என்று கேட்டார்.

கொடிக்காரர் நிமிர்ந்தார். மேனேஜரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஆளு கீற வூடு சார். கூப்பிடாம எப்படி வேட்டு வெக்கறது?”

சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்பார்கள். எனக்குச் சாட்சியாக வந்ததே சண்டைக்காரனின் ஆள்தான். வி.ஏ.ஓ. அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். சில மாதங்களில் எங்கள் பக்கத்து மலைக்கு அனுமதி இல்லை என்று உத்தரவு வந்தது. பழைய குழியிலும் கல் தீர்ந்துவிட்டதால் இயந்திரங்களை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். கொடிக்காரரும் அங்கே போய்விட்டார்.

ஏரி இந்த வருஷம் நிறைந்தது. நடவுக்குப் போகிற பெண்கள் ரோட்டிலிருந்தே கையை ஆட்டிவிட்டு ஓடுகிறார்கள், அவர்களுக்கு ஏது நேரம்? “அதான் ஜெயிச்சிட்டியே, இன்னும் ஏம்மா அங்க?” என்கிறாள் மகள். நான் போனால் வீடு காலி, மறுபடியும் மனு வரும் என்று அவளுக்கு எத்தனை தரம் சொல்வது.

மதியம் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்காரும்போது மலைக்கு அப்பால் வேட்டுச் சத்தம் கேட்கிறது. இங்கே ஒரு பாத்திரம்கூட அதிர்வதில்லை. இது ஆள் இருக்கிற வீடு என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது. இருக்கிறேனா என்று கேட்க இனி யாரும் வர வேண்டியதில்லை.