ஊசிமரமும் என் மீசையும்

எங்கள் வீட்டுக்குக் கிழக்கே நிற்கிற ஊசிமரத்தைப் பார்க்க இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். கெங்குவார்பட்டியில் வேறு யார் வீட்டிலும் அப்படி ஒன்று கிடையாது. எப்படி வளர்த்தாய் என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன். காலை வெயில் படவேண்டும், உச்சி சாய்ந்தபிறகு வீட்டுச் சுவரின் நிழல் விழவேண்டும். வாழைக்குப் பாத்தி கட்டுகிற மாதிரி கட்டித் தண்ணீரைத் தேக்கினால் வேர் அழுகிவிடும். தூரைச் சுற்றிச் சருகு பரப்பி மண்ணைக் குளிர்ச்சியாக வைத்தால் போதும்; சருகு தண்டில் ஒட்டக்கூடாது. சுவரை ஒட்டி வைக்காதீர்கள், அது பக்கவாட்டிலும் கைநீட்டுகிற மரம். உள்கிளையில் பழைய ஊசிகள் உதிர்ந்தால் உதிரட்டும், பயப்படவேண்டாம்.

பயப்படவேண்டாம் என்று சொல்கிற இந்த ஆள் ஒரு சித்திரையில் பயந்த பயம்தான் ஊர் முழுக்கத் தெரிந்த கதை.

கன்று மலைமேலிருந்து வந்தது. வாழைத்தார் பொதியேற்றிக்கொண்டு மலைக்குப் போனபோது, என் மனைவியின் அண்ணன், தேவாரம் ஊர்க்கார மச்சான், மலையைச் சுற்றிப் பார்க்க உடன் வந்தார். துரை பங்களா முற்றத்தில் சீமை மரங்கள் கோபுரம் மாதிரி அடி அகன்று நுனி கூம்பி நின்றன. இலை இருக்கவேண்டிய இடமெல்லாம் ஊசி. ஸ்புரூஸ் என்றார் துரை. கன்று ஒன்று கேட்டேன். கீழே கொண்டுபோனால் பிழைக்காது என்று சிரித்தார்; ஆனால் வேர்மண்ணோடு பெயர்த்துக் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

இறங்குகிற வழியெல்லாம் மச்சான் வாய் ஓயவில்லை. "மாப்ளே, அது குளுருல பொறந்த சாதி. நம்மூரு வெயிலுக்கு அப்பளமாப் பொரிஞ்சு போகும். வெறகுக்கு ஆகும், வேணும்னா கொண்டு போ."

எனக்குச் சுருக்கென்றது. "வர்ற சித்திரைக்கு வீரபாண்டித் திருவிழாவுக்கு எங்க வீட்டுக்குத்தானே வருவீக? அன்னைக்கு இது உசுரோட இல்லேன்னா என் மீசைய எடுத்துர்றேன்."

"இருந்துச்சுன்னா?"

"உங்க மீசை."

அவர் தம் மீசையை ஒருமுறை நீவிப் பார்த்துவிட்டு, "சரி" என்றார்.

என் மீசை லேசுப்பட்டதல்ல. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பெண் கொடுத்தார்கள். வேறு காரணம் இருந்ததாக என் மனைவியும் சொன்னதில்லை. அதோடு எங்கள் பக்கத்தில் ஒருவன் மீசையை எடுத்தான் என்றால், பெற்றவர்களில் ஒருவர் போய்விட்டார் என்று அர்த்தம்.

கன்று ஐப்பசி மழையைத் தாண்டியது, மார்கழிப் பனியில் மினுமினுத்தது, பங்குனி வெயிலிலும் அசையவில்லை. நான் தெருவில் மீசையை முறுக்கிக்கொண்டு நடந்தேன். நாளை வண்டி கட்டி வருகிறோம் என்று மச்சான் ஆள் அனுப்பிய அன்று காலை, மரத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு கிளை நுனியிலும் பழுப்பாக, காய்ந்த வெங்காயத்தோல் மாதிரி ஏதோ சுருண்டு நின்றது. விரலால் தொட்டேன். சரசரத்தது.

"போச்சு! நுனியிலருந்து காயுது!"

ஓடினேன். ஈரச்சாக்கைப் போர்த்தினேன். தாழங்குடையைப் பிடித்தேன். மனைவி எட்டிப் பார்த்து, "மரத்துக்குச் சளி பிடிக்கப் போகுது" என்றாள். அவளுக்கென்ன, மீசையா இருக்கிறது? தேவாரத்துச் சனமெல்லாம் கூடிநிற்க, மச்சான் முன்னால் மழித்துக்கொள்வதா? அதற்கு முன்னால் நானே எடுத்துவிட்டால் மானமாவது மிஞ்சும் என்று புத்தி சொன்னது. அன்று அது சொன்னதையெல்லாம் புத்தி என்றுதான் நினைத்தேன். நேரே நாவிதரிடம் போனேன்.

"ஆத்தாளுக்கு என்னாச்சு சாமி?" என்று அவர் பதறினார்.

"ஒண்ணுமில்ல, எடு."

ஒண்ணுமில்ல என்றதைத் துக்கத்தில் சொன்னதாக எடுத்துக்கொண்டார். நான் வீடு திரும்புமுன் சேதி திரும்பிவிட்டது. வாசலில் அடுத்த தெருப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்த என் தாய் வெளியே வந்து, "அடியே, எதுக்குடி அழுகுறீக? நான் இங்கனதான இருக்கேன்!" என்று சத்தம் போட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "ஏண்டா, நான் சாகுறதுக்குள்ள உனக்கென்ன அவசரம்?"

சிரிப்பும் திட்டும் அடங்கியபோது மனைவி மரத்தடியில் நின்றிருந்தாள். சாக்கை விலக்கி, ஒரு நுனியில் இருந்த பழுப்புத் தோலை நகத்தால் நெம்பினாள். தொப்பி கழல்வதுபோல் கழன்று விழுந்தது. உள்ளே, பூனைவால் நுனி மாதிரி, இளம்பச்சைத் தளிர்.

"காயல. தளிர் விடுது" என்றாள்.

மறுநாள் மச்சான் வந்திறங்கினார். மரத்தைப் பார்த்தார், முகம் கறுத்தது. என்னைப் பார்த்தார், பல்லெல்லாம் தெரிந்தது. "மாப்ள தோத்துட்டதா அவரே ஒத்துக்கிட்டாருல்ல! பெறகென்ன?"

"மரம் உசுரோட இருக்கா, இல்லையா?" என்றேன்.

"மீசை எங்க?"

இப்படியே இழுத்தது. கடைசியில் என் மனைவி மணை ஒன்றைக் கொண்டுவந்து மரத்துக்குப் பக்கத்தில் போட்டாள். "பேச்சு மரத்த வச்சுத்தான். அது தளிர் விட்டு நிக்குது. உக்காருண்ணே, நாவிதர் வர்றாக."

மச்சான் தங்கையைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், உட்கார்ந்தார்.

சாயங்காலம் எல்லோரும் வண்டி கட்டி, விடியும்போது வீரபாண்டி போய்ச் சேர்ந்தோம். ஆற்றங்கரையில் எதிர்ப்பட்ட தெரிந்தவர்களெல்லாம் எங்கள் இரண்டு மொட்டை உதடுகளையும் பார்த்து, தலையைத் தொங்கப்போட்டுத் துக்கம் விசாரித்தார்கள். முன்னால் பொரிகடலை தின்றுகொண்டு நடந்த என் தாய் திரும்பிப் பார்த்து, ஒவ்வொருவரிடமும் பொறுமையாகச் சொன்னாள்:

"இவன் எனக்காக எடுத்தான். அந்தத் தேவாரத்துக்காரரு யாருக்காக எடுத்தாருன்னு அவரையே கேளுங்க."