பெருவிரல் எழுதியவை

கேதீஸ்வரிக்குப் போனைப் பார்க்காமலே எழுதத் தெரியும். சவூதியில் வீட்டு வேலை செய்த காலத்தில் பழகிக்கொண்டது அது. தேற்றாத்தீவில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வளவு தள்ளி, வாவிப் பக்கமாக அவளுடைய வீடு. நடந்ததை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அவளே எனக்குச் சொன்னாள். சிலதை நானும் பார்த்தேன்.

அங்கே போய் இறங்கிய அன்றைக்கே அவளுடைய டச் போனை வீட்டுக்காரி வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். பாவாடைக்கு உட்பக்கம் தைத்த பையில் இன்னொரு போன் இருந்தது யாருக்கும் தெரியாது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற பட்டன் போன். ஐந்தாம் பட்டனில் ஒரு சின்னப் புடைப்பு இருக்கும். பெருவிரல் அதைத் தொட்டுவிட்டால் போதும், மற்ற எழுத்தெல்லாம் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துவிடும். வலது கையால் துணிக்கு அயன் பண்ணிக்கொண்டே இடது கையைப் பைக்குள் விட்டு எழுதுவாள். எதிரில் வீட்டுக்காரி நின்று பேசிக்கொண்டிருந்தாலும் எழுதுவாள். வந்த பதிலைக் குளியலறைக்குள் போய்ப் படிப்பாள்.

எழுதியது றஸீனாவுக்கு. காத்தான்குடிப் பிள்ளை, இவளைவிட வயதில் சிறியவள். கொழும்பில் பயிற்சி கொடுத்த இடத்தில் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்து வந்த பழக்கம். இருவரையும் அண்ணன் தம்பி இரண்டு பேருடைய வீடுகளுக்கு அனுப்பினார்கள். நடுவில் ஒரே மதில். அத்தனை வருடத்தில் மொட்டை மாடியில் கம்பளம் தட்டியபோது ஒரே ஒரு தடவை முகம் பார்த்துக்கொண்டார்கள். மற்றபடி பைக்குள் போன் அதிர்வதுதான் றஸீனா. இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதிக்கொள்வார்கள். சாப்பிட்டீங்களா அக்கா, இன்றைக்கு ஏசினாளா, உங்கட ஊரில இப்ப மழையா. இப்படித்தான்.

கேதீஸ்வரி ஊர் திரும்புவதற்குச் சில மாதத்துக்கு முன்னால் றஸீனாவை வேறொரு வீட்டுக்கு மாற்றினார்கள். அங்கிருந்து ஒரு வரி வந்தது. "அக்கா நான்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை.

ஊருக்கு வந்தபோது புருஷன் ரதீஸ் புது டச் போன் ஒன்று வாங்கி வைத்திருந்தான். அவளும் ஆசையாகத்தான் வாங்கிக்கொண்டாள். பழைய பட்டன் போனை அங்கேயே இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். டச் போனில் படம் பார்க்கலாம், முகம் பார்த்துப் பேசலாம். ஆனால் பார்க்காமல் எழுத முடியவில்லை. கண்ணாடிக்கு மேடும் இல்லை, விளிம்பும் இல்லை. விரல் எங்கே நிற்கிறது என்று விரலுக்கே தெரியவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு நாள், நல்ல வெயில் நேரம், வாவிக்கரையில் மருத மரத்தடியில் அவளும் ரதீஸும் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள். காற்றே இல்லை. தண்ணீர் எண்ணெய் ஊற்றி வைத்த மாதிரிக் கிடந்தது. ரதீஸ் கையை நிறுத்திவிட்டு அவளுடைய இடது கையையே பார்த்தான்.

"என்ன புள்ள, உன்ட விரல் தன்ட பாட்டில ஆடுது?"

அவள் குனிந்து பார்த்தாள். தொடையில் பெருவிரல் தட்டிக்கொண்டிருந்தது. தட்டும், நிற்கும், கொஞ்சம் விலகி மறுபடி தட்டும். நரம்புத் துடிப்பு என்றால் ஒரே இடத்தில் துடிக்கும். இது இடம் மாறி மாறிப் போனது. மற்றக் கையால் விரலைப் பொத்திப் பிடித்தாள். கைக்குள் அகப்பட்ட குஞ்சு போல அது உள்ளே முட்டியது.

"எழுதுது," என்றாள்.

"என்னத்த?"

"தெரியா. நான் எழுதல்ல."

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அதே உச்சி நேரத்தில் விரல் தொடங்கியது. அரிசி களையும்போதும், கிணற்றடியில் நிற்கும்போதும். ஒரு தடவை கோயிலில் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, கூப்பிய கைக்குள்ளேயே. ஆஸ்பத்திரியில் காட்டினாள். ஒன்றும் இல்லை, களைப்பு என்று குளிசை கொடுத்து அனுப்பினார்கள்.

என்ன எழுதுகிறது என்று பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை. களுவாஞ்சிகுடியில் போன் திருத்துகிற கடைக்குப் போய்ப் பட்டன் போன் கேட்டாள். கடைக்காரன் மேசை லாச்சியைக் கிளறி ஒன்றை எடுத்தான். இலக்கமெல்லாம் தேய்ந்து போயிருந்தது. ஐந்தில் மட்டும் புடைப்பு இருந்தது.

"சிம் போடவா அக்கா?"

"வேணாம். எழுத மட்டுந்தான்."

மறுநாள் உச்சியில் என்னையும் கூப்பிட்டாள். தனியாகப் பார்க்கப் பயம். போனை இடது கையில் வைத்துச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு முகத்தை வாவிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். விரல் ஓடியது. பட்டன்கள் அமுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது, காய்ந்த விதையைப் பல்லால் கடிக்கிற மாதிரி. நின்ற பிறகுதான் தலைப்பை விலக்கினாள். நானே வாசித்தேன்.

"அக்கா சுவர் மிச்சம் வெள்ளையா இரிக்கி. உம்மாட குரல் கேக்குது. ஆளக் காணல்ல."

கேதீஸ்வரியின் வாயில் 'இரிக்கி' வராது, அது றஸீனாவின் பேச்சு. தன் தாயை உம்மா என்று அவள் கூப்பிட்டதும் இல்லை. போனைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தண்ணீரில் விட்டு நெடுநேரம் கழுவினாள்.

"நான் காத்தான்குடிக்குப் போகப் போறன்," என்றாள்.

பஸ்ஸில் தனியாகத்தான் போனாள். தன் காக்கா, மூத்த அண்ணன் இஷாம், பள்ளிக்கூடப் பைகள் விற்கிறவர் என்று றஸீனா எப்போதோ எழுதியது நினைவிருந்தது. விசாரித்து விசாரித்து வாவிப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் வீட்டைக் கண்டுபிடித்தாள். கதவைத் திறந்தது தாய். சித்தி நபீஸா என்பது அவருடைய பெயர்.

"ஆரு மகள்?"

"தேத்தாத்தீவு அம்மா. றஸீனாவுக்குப் பக்கத்து வீட்டில வேலை செய்தனான்."

சித்தி நபீஸா கதவை அகலத் திறந்துவிட்டார். "வாங்க," என்றார். "வந்து பாருங்க."

றஸீனா இறந்திருப்பாள் என்று நினைத்துத்தான் கேதீஸ்வரி போயிருந்தாள். அவள் உள்ளறையில் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். சுவரைப் பார்த்தபடி. சுவர் பச்சை நிறம்.

"ஆறு மாசத்துக்கு முந்தி அனுப்பி வெச்சாங்க," என்றார் தாய். "ஒண்டும் கதைக்கிறல்ல. சோறு குடுத்தாத் தின்பா. கூப்பிட்டாத் திரும்பமாட்டா."

இஷாம் கடையிலிருந்து வந்து சேர்ந்தார். "டொக்டர் எழுதக் குடுத்துப் பாக்கச் சொன்னாரு. டச் போன் வாங்கிக் கையில வெச்சன். விரல் நிக்குதில்ல, கண்ணாடியில வழுக்கிக்கிட்டே போகுது. ஆர்ர படமெல்லாமோ திறக்குது. பயந்து கீழ போட்டிட்டா."

கேதீஸ்வரி அவள் மடியைப் பார்த்தாள். வலது முழங்காலில் பெருவிரல் தட்டிக்கொண்டிருந்தது. தட்டி, நின்று, விலகி. பக்கத்தில் குந்தி, கொண்டுபோன பட்டன் போனை அந்த விரலுக்குக் கீழே மெல்லச் செருகி, தன் முந்தானையை இழுத்து மூடினாள்.

விரல் நின்றது. துணிக்குள் எதையோ தேடியது. புடைப்பைத் தொட்டது தெரிந்தது, ஏனென்றால் றஸீனா அப்போது மூச்சை இழுத்துவிட்டாள். பிறகு அந்தச் சத்தம். சுவரிலிருந்து கண்ணை எடுக்காமலே எழுதினாள். இஷாம் போனை வாங்கி இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கேதீஸ்வரியைப் பார்த்தார்.

"அக்கா ஏன் பஸ்ஸில அழுத நீங்க, எண்டு போட்டிரிக்கா."

பஸ்ஸில் ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுததை யாரும் காணவில்லை. என்னிடம்கூட அதுவரை அவள் சொல்லியிருக்கவில்லை.

போனை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். கிழமைக்கு ஒரு தடவை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். றஸீனா எழுத எழுதக் கதை வெளியே வந்தது. மாற்றிக் கொண்டுபோன வீட்டில் ஓர் அறைக்குள் வைத்துப் பூட்டினார்களாம். ஜன்னல் இல்லை. எல்லாப் பக்கமும் வெள்ளைச் சுவர். பையிலிருந்த போனை இரண்டாம் நாளே கண்டுபிடித்துப் பறித்துவிட்டார்கள். அதற்கடுத்த வரியை இஷாம் வாசிக்கும்போது சித்தி நபீஸா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

"போன் இல்ல. ஆனா நான் நிப்பாட்டல்ல அக்கா. முழங்கால்ல எழுதின."

மழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள் றஸீனா தண்ணீர் வேண்டும் என்று வாயால் கேட்டாள். பிறகு ஒவ்வொரு சொல்லாக வந்தது. கொஞ்ச நாளில் தாயோடு எங்கள் ஊருக்கே வந்தாள். மெலிந்த, கண் பெரிய பிள்ளை. கேதீஸ்வரி நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் வாவிக்கரையில் உட்கார்ந்திருந்தோம். முதல் முதலில் வந்த செய்தியைக் கேதீஸ்வரி அவளுக்குச் சொன்னாள். வெள்ளைச் சுவர், உம்மாவின் குரல்.

றஸீனா யோசித்தாள். "அது அங்க இரிக்கக்குள்ள எழுதின. ஊட்டுக்கு வந்த புறகு இல்ல. நான் வந்ததுக்குப் புறகு, இவ்வளவு பிந்தியா உங்களுக்குக் கிடைச்ச?"

"ஓம்."

"அப்ப அந்த றூமுக்குள்ளரிந்து இன்னும் வரும்," என்றாள், சாதாரணமாக.

அவள் பேசத் தொடங்கிய பிறகு கேதீஸ்வரியின் விரல் அடங்கித்தான் இருந்தது. அன்றைக்கு வெயில் உச்சிக்கு வந்தபோது, நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தொடையில் அது மறுபடி ஆடியது. றஸீனா தன் மடியைப் பார்த்தாள். அவளுடைய விரல் அசையவில்லை. தன் பையிலிருந்து பட்டன் போனை எடுத்துக் கேதீஸ்வரியின் கைக்குள் வைத்தாள்.

வந்தது தமிழ் இல்லை. எழுத்து இங்கிலீஷ் எழுத்துத்தான், ஆனால் சொல் எதுவும் எங்களுக்கு விளங்கவில்லை. அரபும் இல்லை, சிங்களமும் இல்லை என்று றஸீனா சொன்னாள். ரதீஸ் கேட்டான், "பிழையா அமத்திட்டுதோ?" ஆனால் ஒரே சொல் மூன்று இடத்தில் வந்திருந்தது.

தன்னாமுனையில் கேதீஸ்வரிக்குத் தெரிந்த ஒருத்தி, எதியோப்பியப் பெண்களோடு நெடுங்காலம் ஒரே வீட்டில் வேலை செய்தவள். மறுநாள் அவளிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். முழுவதும் தனக்குத் தெரியாது என்றாள். அந்த ஒரு சொல்லில் விரலை வைத்து, "எமாயே," என்று படித்தாள். "அம்மாவக் கூப்பிடுறது."

றஸீனாவுக்குப் பிறகு அந்த வெள்ளை அறைக்குள் இன்னொருத்தியைப் பூட்டியிருக்கிறார்கள். அந்த வீடு எந்த ஊரில், எந்தத் தெருவில் என்று றஸீனாவுக்குத் தெரியாது. இரவில் ஏற்றி, இரவில் இறக்கியிருக்கிறார்கள். எங்கே போய் முறையிடுவது, என்னவென்று சொல்வது. இஷாம் இரண்டு அரசாங்கக் கந்தோர்களுக்கு அலைந்தார். பெயரும் இலக்கமும் கேட்டார்கள்.

இப்போது உச்சி நேரத்தில் கேதீஸ்வரி வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை. போனைத் தலைப்புக்குள் பிடித்தபடி மருத மரத்தடியில் இருக்கிறாள். வருவதை வரவிட்டு, விரல் நின்ற பிறகு, அதே பட்டன்களில் அவளும் எழுதுகிறாள். அந்தப் பெண்ணின் பாஷை தெரியாததால் தமிழில்தான் எழுதுகிறாள். சாப்பிட்டியா புள்ள, என்று. பதில் வருகிறதா என்று நான் கேட்கவில்லை.